இரண்டு மைக்ரான் வெள்ளி

ஓடுது. ஒண்ணு அஞ்சுக்கு ஸ்விட்சைப் போட்டேன், இப்ப ஒண்ணு ஏழு, இன்னும் ஐம்பத்தெட்டு நிமிஷம் இந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கிறதா இல்ல, யார் கூப்பிட்டாலும் சரி. லேப்ல எல்லாரும் சாப்பிடப் போயாச்சு. கேண்டீன்ல இன்னிக்கு வத்தக்குழம்பு, வாசனை மாடி வரைக்கும் வருது, வரட்டும், என் டப்பா பைக்குள்ளயே கிடக்கட்டும். கண்ணு அந்தத் தட்டு மேலதான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பீங்கான் தட்டு. காபிக் கப்புப் பீங்கான் இல்ல, அலுமினா, கல்லுன்னே சொல்லலாம், இரும்பையே கீறும். அதுக்கு மேல ரெண்டு மைக்ரான் கனத்துக்கு வெள்ளி. ரெண்டு மைக்ரான்னா என்ன, என் தலைமுடி ஒண்ணை முப்பத்தஞ்சு தோலா உரிச்சா அதுல ஒரு தோல், அவ்வளவுதான், ஊதினாப் பறந்துடும்னு தோணும். தட்டு சுத்துது. மேலேர்ந்து ஒரு அலுமினா உருண்டை, கோலிக்குண்டை விடச் சின்னது, அசையாம அதை அழுத்திக்கிட்டு நிக்குது, பின்னாடி அரைக் கிலோ எடைக்கல் தொங்குது. உரசல் எவ்வளவுன்னு கம்ப்யூட்டர் ஒரு எண்ணா எழுதிக்கிட்டே போகுது, எண் குறையக் குறைய நல்லது. ஒண்ணும் பூசாம கல்லும் கல்லும் உரசினா புள்ளி ஏழு. இதே வெள்ளியைப் பூசி மார்ச் மாசம் நான் எடுத்த எண் புள்ளி ஒண்ணு ஒம்போது. ஜெயசீலன் சார் அதைப் பாத்துட்டு நாற்காலியை விட்டே எழுந்துட்டார், துறைத் தலைவர், சாமானியத்துல எழுந்திருக்க மாட்டார். "பாக்கியம், இது ரொம்ப நல்லா இருக்கே"ன்னார். பதினாறு வருஷத்துல அவர் வாயிலேர்ந்து நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. இப்ப ஸ்கிரீன்ல என்ன நிக்குது? புள்ளி நாலு ரெண்டு. இரு, இரு, இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, பதறாத சிவபாக்கியம், ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா.

ஆனா பதறாம எப்படி இருக்கறது. பக்கத்து ரூம்ல பன்னெண்டு வளையம் தெர்மோகோல்ல படுத்துக்கிட்டு இருக்கு, பன்னெண்டும் அலுமினா, பன்னெண்டுக்கும் உள்பக்கம் இதே வெள்ளி. மூணு மணிக்கு வண்டி வரும். புதுக்கோட்டை ரோட்டுல இருக்கிற பாட்டில் ஃபேக்டரிக்குப் போகும், திங்கக்கிழமை மாட்டிடுவாங்க. கண்ணாடி உருக்குற உலைக்கு மேல புகை போற வழி, அதைத் திறந்து மூடுறதுக்கு ஒரு கதவு, அந்தக் கதவைத் தள்ளுற தண்டு இந்த வளையத்துக்குள்ளதான் போய் வரணும், தண்டும் பீங்கான். நானூறு டிகிரி சூடு. அங்க எண்ணெய் விட்டா எரிஞ்சுடும், கிரீஸ் தடவினா கரியாயிடும். அதனாலதான் வெள்ளி. மார்ச்சுக்கு முன்னாடி நான் ஒரு தடவை போய்ப் பாத்திருக்கேன். அந்தத் தண்டை நெம்புற கோலை இழுக்கிறவர் சூசைமாணிக்கம் அண்ணன், ஐம்பத்தாறு வயசு, கருங்காலி மரம் கணக்கா ஒரு ஆளு, வலது முழங்கைக்குக் கீழ ஒரு முடி கிடையாது, எல்லாம் கருகிப் போச்சு. அரை மணிக்கு ஒரு தடவை இழுக்கணும். "கொஞ்சம் சுணங்கினா தீ நம்ம பக்கம் எட்டிப் பாக்கும்மா"ன்னு சொல்லிச் சிரிச்சார். எட்டிப் பாக்குமாம், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. அஞ்சடி இரும்புக் கோல், அதைப் பிடிச்சு முழு உடம்பையும் பின்னால சாச்சு இழுத்தார், கல்லும் கல்லும் கத்துன சத்தம் என் பல்லுல ஏறிச்சு. பதினெட்டு வருஷமா இழுக்கிறாராம். நான் பயந்து போய் ரெண்டடி பின்னால வந்துட்டேன், அவர் அந்த இடத்துலயே நின்னார். என்னோட புள்ளி ஒண்ணு ஒம்போதைப் பாத்ததும் ஃபேக்டரிக்காரங்க கணக்குப் போட்டாங்க. இனிமே அஞ்சடிக் கோல் எதுக்கு, நடக்கிற வழியில நீட்டிக்கிட்டு, ரெண்டரை அடி போதும், அப்பவும் இப்ப இழுக்கிறதுல பாதி கனம்தான்னு சொல்லி, வளையத்தோட சேத்து மாட்டச் சின்னக் கோல் அடிச்சு வாங்கி வச்சுட்டாங்க. எல்லாம் என் எண்ணை நம்பி. புள்ளி நாலு நாலு. ஏறுது.

ஏறுதே. பிள்ளையாரே. அந்த எண் வெள்ளியோடது இல்லையோன்னு போன வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சது. கட்டுரைக்குப் படம் வேணும்னு மார்ச் மாசத் தட்டை அலமாரியிலேர்ந்து எடுத்தேன், ஏழாம் நம்பர் தட்டு, இடுக்கியாலதான் எடுத்தேன், மைக்ராஸ்கோப்புல வச்சேன். உருண்டை ஓடின தடம் பளபளன்னு இருந்துச்சு, அதுக்கு வெளிய வெள்ளி லேசா மங்கி இருந்துச்சு, அந்த மங்கல்ல, தடத்துக்கு ரெண்டு பக்கமும், கறுப்புக் கறுப்பா கோடு. வளைஞ்சு வளைஞ்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. என்னடா இது கோலம்னு பாத்தேன். கைரேகை. ஒரு கட்டை விரல் முழுசா, நாலு மாசத்துல வேர்வை உப்பு வெள்ளியைக் கறுக்க வச்சு, யாரோ மை தொட்டு வச்ச மாதிரி. யாருதுன்னு தேட வேண்டியதே இல்ல, ரேகைக்குக் குறுக்கால ஒரு வெட்டு, வாழைக்காய் நறுக்கும்போது எனக்குப் பட்டது, ஏழு தையல். என் விரல். என் விரலேதான். எனக்கு அந்த நிமிஷத்துல பயத்துக்கு முன்னாடி வந்தது வேற ஒண்ணு, சொன்னா சிரிப்பாங்க, உடம்பு சிலிர்த்துப் போச்சு. ரெண்டு மைக்ரான் வெள்ளி நாலு மாசமா அலமாரி இருட்டுல உக்காந்து என்னை வரைஞ்சிருக்கு. ஒரு கோடு விடாம, தழும்பையும் விடாம. அப்புறம்தான் பயம் வந்துச்சு. ஏன்னா இந்த வேலையில முதல் பாடம், முதல் நாள் பாடம், தட்டைக் கழுவினப்புறம் கை படக் கூடாது. அசிட்டோன்ல அலசி, சூடு காத்துல காய வச்சு, இடுக்கியால தூக்கி வைக்கணும். நானே எல்லாரையும் கத்துவேன், "ஏய், கையை எடு, அப்பளம் பொரிக்கவா வந்த"ன்னு கத்துவேன். நம்ம விரல்ல இருக்கிற எண்ணெய் போதும், அதுவே மசகு போட்ட மாதிரி வழுக்கி விடும், வெள்ளிதான் வழுக்குதுன்னு நாம நம்பிடுவோம். அன்னிக்கு என்ன ஆச்சுன்னு இப்ப ஞாபகம் வருது, தட்டைப் பிடிக்கிற திருகு சரியா உக்காரல, கையுறை கிழிஞ்சிருந்துச்சு, தட்டைக் கொஞ்சம் திருப்பி விட்டேன், ஒரே ஒரு தடவை, கட்டை விரலால. ஒரு செகண்ட் கூட ஆகியிருக்காது.

அதோட விட்டேனா, இல்லையே. மார்ச்சுல கம்ப்யூட்டர் வரைஞ்ச கோட்டுப் படத்தைத் திரும்ப எடுத்துப் பாத்தேன். இருபது நிமிஷம் கோடு மாதிரி புள்ளி ஒண்ணு ஒம்போது, கடைசி ஒரு நிமிஷத்துல வால் மட்டும் மேல தூக்குது, ரெண்டு நாலு, ரெண்டு ஆறு. அப்ப மெஷினை நிறுத்தினதும் நான்தான், இருபது நிமிஷம் போதும்னு. வாலை வெட்டினதும் நான்தான், ஏதோ அதிர்வு, யாரோ கதவைச் சாத்தியிருப்பாங்கன்னு. நல்ல எண் கிடைச்ச சந்தோஷத்துல இருக்கிறவளுக்கு வால் எதுக்கு. அந்த வாலுக்கு அப்புறம் என்ன இருந்துச்சுன்னு தெரியாது, அதைத்தான் இன்னிக்குக் கேக்குறேன். என் விரல் எண்ணெய் தீந்ததும் வெள்ளி இருந்துச்சா, இல்ல ஒண்ணுமே இல்லாம கல்லு கல்லோட மோதப் போயிருந்துச்சா. ஏன்னா உலையில நானூறு டிகிரி, விரல் எண்ணெய் முதல் பத்து நிமிஷத்துல எரிஞ்சு போயிடும். அதுக்கப்புறம் வெள்ளியும் நிக்கலேன்னா புள்ளி ஏழு, கையில ரெண்டரை அடிக் கோலு, சூசைமாணிக்கம் அண்ணன் தொங்கினாலும் அசையாது, தீ எட்டிப் பாக்கும். பாத்துட்டுச் சும்மா போகாது. புதுத் தட்டு, மூணு தடவை கழுவினேன், இடுக்கி தவிர எதுவும் தொடல, மூச்சைக் கூட அந்தப் பக்கம் விடல. புள்ளி நாலு எட்டு. லேசா ஒரு கீச்சு. கேட்டுச்சா? கேட்டுச்சு.

டொம்முனு ஒரு சத்தம், எனக்கு உயிரே போயிடுச்சு. பாத்தா கோசலை அக்கா, கூட்டித் துடைக்க வர்றவங்க, பக்கெட்டைத் தரையில வச்சிருக்காங்க. "அக்கா! மெதுவா! மேசை ஆடுது!"ன்னு கத்திட்டேன். "அடியாத்தி, ஆடி மாசக் காத்துல அம்மியே பறக்குதாம், என் பக்கெட்டுதான் உன் மேசையை ஆட்டிருச்சா"ன்னு சொல்லிக்கிட்டே மாப்பைச் சாத்தி வச்சுட்டு வந்து எட்டிப் பாத்தாங்க. "என்னம்மா சுத்துது, கிரைண்டரா?" "கிரைண்டர்தான் அக்கா, மாவு கிடையாது." "இது வெள்ளியா மின்னுது?" "வெள்ளிதான்." "கல்லு மேலயா? மேலயும் கல்லு, கீழயும் கல்லு, நடுவுல வெள்ளின்னா வெள்ளிதான நசுங்கும்?" பாரு, எம்.டெக் படிக்க வர்றதுங்களுக்கு நான் ரெண்டு நாள் பாடம் நடத்தணும் இதுக்கு. "நசுங்கத்தான் அக்கா வைக்கிறது. கீழ இருக்கிற கல்லு கனத்தைத் தாங்கிக்கும், மேல இருக்கிற வெள்ளி மெத்துனு வழி விடும். வெள்ளி மட்டும் மொத்தமா இருந்தா அமுங்கிக் குழியாயிடும், கல்லு மட்டும் இருந்தா ஒண்ணையொண்ணு பிராண்டும். ரெண்டும் சேந்தாத்தான்." இதைச் சொன்னதும் எல்லாரும் அடுத்தாப்புல ஒரு தத்துவம் சொல்லுவாங்க, புருஷன் பொண்டாட்டி, மாமியார் மருமக, விட்டுக் கொடுத்துப் போறதுன்னு ஆரம்பிப்பாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வரும், வெள்ளி யாருக்கும் விட்டுக் கொடுக்கலைய்யா, அதோட அணு வரிசை வழுக்குது, அவ்வளவுதான். ஆனா அக்கா அதெல்லாம் சொல்லல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "எத்தனை சுத்து தாங்கும்?"னு கேட்டாங்க. "அதுதான் அக்கா தெரியல." "தெரியாமயா உக்காந்திருக்க, சோறும் திங்காம? மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு." "தெரிஞ்சுக்கத்தான் உக்காந்திருக்கேன்." "சரி, அப்ப இந்த ரூமை நான் அப்புறமா தொடைக்கிறேன்"னு சொல்லி, பக்கெட்டை ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு, சத்தமே இல்லாம, குதிகாலைத் தூக்கி நடந்து போனாங்க. கதவைக் கூட சாத்தாம ஒட்டி வச்சாங்க.

ஒண்ணு இருபத்தாறு. மார்ச்சுல நான் நிறுத்தின இடம் தாண்டியாச்சு. புள்ளி நாலு ஏழு. நாலு ஏழுதானா? கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாக்குறேன். நாலு நாலு. கீச்சு நின்னு போச்சு, எப்ப நின்னுச்சு, பக்கெட்டுச் சத்தத்துல கவனிக்கல. நாலு ஒண்ணு. இறங்குது. எதுக்கு இறங்குதுன்னு எனக்குத் தெரியும், புத்தகத்துல படிச்சிருக்கேன், சொல்லிக் கொடுத்திருக்கேன், ஆனா கண்ணு முன்னால இறங்கும்போது தெரிஞ்சதெல்லாம் மறந்து போகுது. உருண்டை மேல நான் எதுவும் பூசல. அது மொட்டைக் கல்லு. தட்டுல இருக்கிற வெள்ளி இப்ப கொஞ்சம் கொஞ்சமா ஒட்டிக்கிட்டு உருண்டைக்கு ஏறிக்கிட்டு இருக்கு, யாரும் சொல்லல, யாரும் தடவல, எங்க உரசுதோ சரியா அந்த ஒரு புள்ளிக்கு மட்டும் போய் உக்காருது. உக்காந்துட்டா அப்புறம் கல்லு வெள்ளியோட உரசாது, வெள்ளி வெள்ளியோடதான். மூணு எட்டு. அய்யோ. முதல் தடவை பூச்சு அறையோட கண்ணாடி ஜன்னல் வழியா இந்த வெள்ளியைப் பாத்தது ஞாபகம் வருது, காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்த இரும்பு டப்பா, உள்ள சின்னக் கிண்ணத்துல வெள்ளி உருகி, கொதிச்சு, ஆவியாப் போகுது, வெள்ளி ஆவியாப் போகும்னு அதுக்கு முன்னாடி எனக்கு யாரும் சொன்னதில்ல, எங்க வீட்டுல வெள்ளின்னா குங்குமச் சிமிழ், அரைஞாண், அவ்வளவுதான். ஊதா வெளிச்சத்துல அது எங்கயோ கரைஞ்சு காணாமப் போய், ஒரு மணி நேரம் கழிச்சு கதவைத் திறந்தா வெள்ளைத் தட்டு நிலாவா நிக்குது. அன்னிக்கு நான் சாப்பிடாமயே வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் கேட்டார், என்னடி முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்குன்னு. வெள்ளி ஆவியாச்சுங்கன்னு சொன்னேன். விலை ஏறிடுச்சான்னு கேட்டார், மனுஷன்.

மூணு ஆறு. ஒண்ணு முப்பத்தெட்டு. மூணு ஆறு. ஒண்ணு நாப்பத்தஞ்சு, மூணு ஆறு. கோடு நிக்குது. ஒரு முள்ளு கிடையாது, ஒரு நடுக்கம் கிடையாது. என் முடியில முப்பத்தஞ்சுல ஒரு பங்கு, அரைக் கிலோ எடையை முதுகுல வாங்கிக்கிட்டு ஆயிரக்கணக்கான சுத்து நசுங்கி, கிழிஞ்ச இடத்துக்குத் தானே திரும்பப் பரவி, இரும்பையே கீறுற கல்லு ரெண்டை ஒண்ணையொண்ணு தொட விடாம வச்சிருக்கு. கும்பிடலாம் போல இருக்கு. நெசமாவே கையெடுத்துட்டேன், யாரும் இல்ல பாத்துச் சிரிக்க. அப்ப மார்ச்சுல அந்த வாலுக்கு அந்தப் பக்கம் இது இருந்துச்சு. என் விரல் எண்ணெய் தீந்ததும் வெள்ளி வந்து பிடிச்சிருக்கும், நான்தான் பாக்க விடாம நிறுத்தினேன். அசடு. நல்லதை மறைச்சுட்டுப் பொய்யை ஊருக்குச் சொன்ன அசடு. சரி, அழாத. வெள்ளி நிக்குது. கதவு சிக்கிக்காது. யாரும் சாக மாட்டாங்க. மூணு மணி வண்டி போகலாமே. இப்ப கணக்கைப் பாரு, மூணு ஆறுன்னா பூச்சில்லாத கல்லுல பாதி. கோலும் பாதியா ஆக்கிட்டாங்க, கோல் பாதியானா இழுப்பு ரெட்டிப்பு. பாதிக்குப் பாதி சரியாப் போச்சு, இப்ப என்ன இழுப்பு இழுக்கிறாரோ அதே இழுப்பு, கூடவும் இல்ல குறையவும் இல்ல. பதினெட்டு வருஷமா இழுக்கிறவர்தானே, சமாளிச்சுக்குவார். யாருக்கும் தெரியாது. ஏழாம் நம்பர் தட்டைக் கழுவிப் போட்டுடலாம். ரேகையும் போயிடும்.

சமாளிச்சுக்குவார்தான். அதுதான் என்னைக் கொல்லுது. திங்கக்கிழமை எஞ்சினியர் வந்து சொல்லுவான், காலேஜ்ல கண்டுபிடிச்சது, இனிமே பாதி கனம்தான், ஒரு கையால இழுக்கலாம்னு. அண்ணன் ஒரு கையால இழுத்துப் பாப்பார். வராது. ரெண்டு கையாலயும் இழுப்பார், உடம்பைச் சாச்சு இழுப்பார், வரும். யார்கிட்டயும் சொல்ல மாட்டார். படிச்சவங்க பாதி கனம்னு சொன்னது முழுக் கனமா இருந்தா அவர் என்ன நினைப்பார்? எண் தப்புன்னு நினைப்பாரா? தோள் போயிடுச்சுன்னு நினைப்பார். வயசாயிடுச்சுடா சூசைன்னு நினைப்பார். வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்ச்சுக்குவார், இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கே தாங்குவேனான்னு தூக்கம் வராமப் புரளுவார், நல்லா இருக்கிற தோளை வச்சுக்கிட்டு. எங்கப்பா அப்படித்தான் கண்ணாடி நம்பரை டாக்டர் தப்பா எழுதிக் கொடுத்தது தெரியாம, யார்கிட்டயும் சொல்லாம, எனக்குப் பார்வை போச்சுன்னு ஒரு வருஷம் பேப்பரே படிக்கல. ஒரு கட்டை விரல், ஒரு செகண்ட், இதுக்கு ஒரு மனுஷன் தன் உடம்பை நம்பாமப் போறதா. சீ. ஒண்ணு ஐம்பத்தொண்ணு. போனை எடுக்கிறேன்.

ஜெயசீலன் சார் வாயில சோத்தோடதான் பேசினார். எல்லாம் சொன்னேன், திருகு, கையுறை, விரல், வால், எதையும் விடல. பின்னால யாரோ தட்டுல கரண்டி தட்டுற சத்தம். "நாலு மாசம் கழிச்சா சொல்ற?" "போன வெள்ளிக்கிழமைதான் சார் பாத்தேன்." "வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?" பயந்துதான் சொல்லல, அதைச் சொன்னேன். "பயந்தேன் சார்." மறுபடி கரண்டி. "பூச்சு நிக்குதா?" "நாப்பத்தாறு நிமிஷமா ஓடுது சார், கடைசிப் பதிமூணு நிமிஷமா மூணு ஆறு, கோடு போட்ட மாதிரி." "ம். வண்டியை நிறுத்தி வை. பழைய ரிப்போர்ட்டை வாபஸ்னு எழுது, காரணத்தை முழுசா எழுது, உன் பேர்லயே எழுது. நான் ஃபேக்டரிக்குப் பேசுறேன்." வச்சுட்டார். திட்டலையேன்னு ஒரு பக்கம், திட்டியிருக்கலாமேன்னு ஒரு பக்கம். ஃபேக்டரிக்கு அவர் பேசுவார், மேனேஜர் எஞ்சினியருக்குச் சொல்லுவார், எஞ்சினியர் யாருக்குச் சொல்லுவார்? அண்ணன் வரைக்கும் போகுமா? அன்னிக்கு அவர் நம்பர் வாங்கி வச்சிருந்தேன். மூணாவது ரிங்ல எடுத்தார், பின்னால உலை இரையுற சத்தம், கத்திப் பேசினார், நானும் கத்தினேன். "அண்ணே, நான் காலேஜ்லேர்ந்து பாக்கியம் பேசுறேன், வளையம் செஞ்ச பாக்கியம்! நான் கொடுத்த கணக்கு தப்புண்ணே! சின்னக் கோல்ல இழுத்தா இப்ப இருக்கிற அதே கனம்தான் இருக்கும். கனமா இருந்தா உங்க தோள் இல்லண்ணே, அது என் தப்பு, உங்க தோளுக்கு ஒண்ணும் இல்ல!" "சரிம்மா, சரிம்மா. எதுக்கு அழுவுறீங்க?" "அழலண்ணே." "பழைய நீளக் கோலு போட்டா எப்படி இருக்கும்?" "போட்டா நிஜமாவே பாதிதாண்ணே, ஆனா திங்கக்கிழமை சின்னதை மாட்டினதும் அதை வெட்டி எடைக்குப் போட்டுடுவாங்களே!" "போடத்தான் சொல்லியிருக்காங்க. நான் போடறதா இல்ல. ஷெட்டுக்குப் பின்னால சாத்தி வைக்க இடம் பாத்து வச்சிருக்கேன்." "ஏன்ணே?" சிரிச்சார், அன்னிக்குச் சிரிச்ச அதே சிரிப்பு. "கோவிச்சுக்காதீங்க. நீங்கல்லாம் படிச்சவங்க, எண்ணு சரியாத்தான் இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. ஆனா தீ முன்னால நிக்கிறது நான்லம்மா."